மூவாயிரம் டாலரும் ஒரு கப்பல் நிலக்கரியும்

வடசென்னை சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் நண்பர் ஒருவர். அறுபதைத் தாண்டியவர். மகளுக்கு சிங்கப்பூரில் தலைப்பிரசவம். மனைவியோடு போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வரவேண்டும். பாஸ்போர்ட் வந்துவிட்டது. விசா வந்துவிட்டது. பிரசவ லேகியம் கிளறி டப்பாவில் அடைத்தாயிற்று. ஒரே ஒரு கேள்விதான் பாக்கி.

"காசை எப்படி சார் எடுத்துனு போறது?"

முப்பது வருஷமாக டன் டன்னாக இரும்பை ஊர் ஊராக ஏற்றி அனுப்பியவர். ஒரு சீட்டு, ஒரு போன், சரக்கு கிளம்பிவிடும். தன் சொந்தப் பணத்தை நாலு மணி நேர விமானத் தூரத்துக்குக் கொண்டுபோக அவருக்கு வழி தெரியவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. யாருக்கும் புரியக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் போட்ட வழி அது.

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரித்தேன். ஆறு வழிகள் இருக்கின்றன. ஏழையிலிருந்து பணக்காரர் வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன். உங்கள் வசதிக்கேற்றதைத் தேர்ந்துகொள்ளலாம். கடைசி வழிக்குப் போகும்போது உங்களுக்கு இரத்தக் கொதிப்பு ஏறினால் நான் பொறுப்பல்ல.

அதற்கு முன் கொஞ்சம் சரித்திரம். 1960களிலும் 70களிலும் வெளிநாடு போகும் இந்தியர் கையில் அரசு கொடுத்தனுப்பிய தொகை 8 டாலர். எட்டே எட்டு. டிக்கெட் வாங்கவே ரிசர்வ் வங்கியின் 'பி' ஃபாரம் வேண்டும். 1973இல் ஃபெரா சட்டம் வந்தது. கணக்கில் வராத டாலர் வைத்திருந்தால் கிரிமினல் குற்றம். 2000 ஜூன் 1ஆம் தேதி ஃபெமா சட்டம் அமலானது. குற்றம் சிவில் ஆயிற்று. 2004இல் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை அனுப்பலாம் என்று ஒரு திட்டம் வந்தது. அது படிப்படியாக 2 லட்சம் டாலருக்கு ஏறியது. 2013இல் ரூபாய் சரிந்ததும் 75,000 ஆக வெட்டினார்கள். ரூபாய்க்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரையைக் குடிமகன் விழுங்க வேண்டும். 2015இல் 2,50,000 ஆயிற்று. இன்றும் அதுதான்.

எட்டு டாலரிலிருந்து இரண்டரை லட்சம் டாலர். இரண்டு கோடி ரூபாய்க்கும் மேலே. இந்த உச்சவரம்பைத் தொட்டவர் சாத்தாங்காட்டில் யாராவது உண்டா என்று டீக்கடையில் கேட்டேன். மாஸ்டர் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

சரி, வழிக்கு வருவோம்.

வழி ஒன்று: நோட்டு.

ஒரு பயணத்துக்கு ஒருவர் பொதுவாக 3,000 டாலர் மதிப்புக்குத்தான் வெளிநாட்டு நோட்டு எடுத்துப் போகலாம். மிச்சத்தைக் கார்டில் ஏற்ற வேண்டும். இந்திய ரூபாய் 25,000 வரை கொண்டுபோகலாம். டாலர் வாங்க ரொக்கமாகக் கட்டுவதென்றால் 50,000 ரூபாய்க்குள். அதைத் தாண்டினால் வங்கிக் கணக்கு வழியாக. பாஸ்போர்ட் காட்ட வேண்டும். பான் கார்டு காட்ட வேண்டும். டிக்கெட் காட்ட வேண்டும். ஏ2 படிவம் நிரப்ப வேண்டும். அதில் எதற்காகப் போகிறீர்கள் என்று ஒரு கட்டம். காரணத்துக்கு ஒரு குறியீட்டு எண்.

"பேரன் பொறக்கறதுக்கு இன்னா நம்பர் சார்?" என்றார் நண்பர்.

அதற்கு நம்பர் இல்லை. கவுண்டரில் இருந்த பெண் யோசித்து, சொந்தப் பயணம் என்று போட்டுக்கொண்டாள்.

கடை வாசலில் 'ஜீரோ கமிஷன்' என்று போர்டு. எங்கள் பக்கத்துத் துறைமுகத்தில் ஜீரோ கேட் என்று ஒரு வாசல் உண்டு. அதற்கு முன்னால் டிரெய்லர் லாரிகள் மணிக்கணக்கில் நிற்கும். பெயரில் மட்டும்தான் ஜீரோ. இந்த ஜீரோவும் அதே வம்சம். சிங்கப்பூர் டாலருக்கு ஒரு விலை சொன்னார்கள். அதே டாலரை இப்போதே திருப்பித் தந்தால் என்ன விலை என்று நண்பர் கேட்டார். ஐந்து ரூபாய் குறைவு.

"அதுக்குள்ள நோட்டு ஊசிப்பூடுமா?"

பதில் இல்லை. கமிஷன் இல்லாத கடை கமிஷனை ரேட்டுக்குள் குடிவைத்திருக்கிறது. வாசலில் தேடினால் கிடைக்காது.

இனி வரி. பணத்தை மாற்றிக் கொடுப்பது ஒரு 'சேவை'. சேவைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. முழுத் தொகை மேலே இல்லை. சேவைக்கு இதுதான் மதிப்பு என்று விதியே வைத்துக்கொண்ட ஒரு கணக்கு மேலே. வங்கிகள் வழக்கமாகப் போடும் கணக்கு இது: 1 லட்சம் வரை மாற்றினால் அதில் 1 சதவீதம், குறைந்தபட்சம் 250 ரூபாய். அதற்கு மேல் 10 லட்சம் வரை அரை சதவீதம். அதற்கும் மேலே 0.1 சதவீதம். மொத்தம் 60,000 ரூபாய் வந்ததும் மதிப்பு நின்றுவிடும். அதற்கு மேல் ஏறாது.

பென்சில் எடுங்கள். 5,000 ரூபாய் மாற்றுகிறவர் கட்டும் ஜிஎஸ்டி 45 ரூபாய். நூறு ரூபாய்க்கு 90 காசு. 10 கோடி மாற்றும் கம்பெனி கட்டும் ஜிஎஸ்டி 10,800 ரூபாய். நூறு ரூபாய்க்கு ஒரு காசு சொச்சம். சின்னவன் கட்டும் விகிதம் பெரியவன் கட்டுவதைப் போல எண்பது மடங்குக்கும் மேல்.

"மொத்தமா எடுத்தா இரும்புலகூட இவ்ளோ தள்ளுபடி கிடையாது சார்" என்றார் நண்பர். முப்பது வருஷம் மார்க்கெட்டில் இருந்தவர் சொல்கிறார்.

போய் வந்த பிறகும் கதை முடியாது. மிச்சமான நோட்டில் 2,000 டாலர் வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே இருப்பதை 180 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். நாணயங்களுக்கு மட்டும் வரம்பே கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். எந்த மணி சேஞ்சரும் சில்லறையைத் தொட மாட்டார் என்று சட்டம் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. அரசின் தாராளம் அங்கேதான் வெளிப்படுகிறது.

உள்ளூர் நோட்டு மட்டும் பத்திரமா? 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணியை நினைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் வெளிநாட்டில் இருந்தவர்களின் பர்ஸிலும் 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் இருந்தன. ஊருக்குத் திரும்பியவர்கள் விமான நிலையத்தில் சுங்கத்திடம் அறிவித்து, முத்திரை வாங்கி, ரிசர்வ் வங்கியின் ஐந்தே ஐந்து அலுவலகங்களில் ஒன்றில் போய் மாற்ற வேண்டும் என்றார்கள். நாடு முழுவதற்கும் ஐந்து. ஒன்று நம் துறைமுகத்துக்கு எதிரே, ராஜாஜி சாலையில். வளைகுடாவில் வியர்வை சிந்தியவன் சொந்த ஊரில், தன் சொந்த நோட்டோடு, திருடனைப் போல விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றான். 2024-25இல் வெளிநாடுவாழ் இந்தியர்கள் ஊருக்கு அனுப்பிய பணம் 13,500 கோடி டாலருக்கும் மேல். மேடையில் அவன் நாட்டின் பெருமை. வரிசையில் அவன் சந்தேகப் பேர்வழி.

வழி இரண்டு: கார்டு.

நோட்டு தொல்லை, கார்டு சுகம் என்பார்கள். சாதாரண கிரெடிட் கார்டை வெளிநாட்டில் தேய்த்தால் மாற்றுக் கட்டணம் மூன்றரை சதவீதம் வரை போகும். கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஒரு லட்சம் ரூபாய்க்குச் செலவு செய்தால் 4,130 ரூபாய் காற்றில். இது போதாதென்று கடைக்காரரின் இயந்திரம் ஒரு கேள்வி கேட்கும்: ரூபாயில் கட்டுகிறீர்களா, உள்ளூர்க் காசிலா? அந்நிய மண்ணில் ரூபாய் என்ற பெயரைப் பார்த்ததும் நம்மவருக்குக் கண் கலங்கும். பாசத்தோடு ரூபாயை அழுத்துவார். அழுத்திய நொடியில் இன்னொரு மோசமான ரேட் தலையில் ஏறும். தேசபக்திக்கு விதித்த அபராதம் அது.

கார்டு விஷயத்தில் 2023இல் நடந்த கூத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்திருந்தால் நினைவூட்டுவது என் கடமை. பிப்ரவரி பட்ஜெட்: வெளிநாட்டுக்குப் போகும் பணத்தில் 20 சதவீதம் முன்கூட்டியே பிடித்துக்கொள்வோம், ஜூலை 1 முதல் அமல். மே 16: வெளிநாட்டில் தேய்க்கும் கிரெடிட் கார்டும் இந்தக் கணக்கில் சேரும் என்று அறிவிக்கை. நாடு அலறியது. மே 19: 7 லட்சம் வரை கார்டுச் செலவுக்கு விலக்கு. ஜூன் 28: கிரெடிட் கார்டு இப்போதைக்குச் சேராது, 20 சதவீதமும் அக்டோபர் 1 முதல்தான். அறிவிக்கை வந்த மூன்றாம் நாள் திருத்தம். ஆறே வாரத்தில் மூலையில் போட்டாயிற்று. இதற்கு நடுவில் அதே மே 19 மாலையில் ரிசர்வ் வங்கி 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. கார்டை எடுத்தவனுக்கும் அடி. நோட்டை எடுத்தவனுக்கும் அடி. ஒரே நாளில் இரண்டையும் முடித்தார்கள். நிர்வாகத் திறமையைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

இந்த 20 சதவீதம் வரியே அல்ல என்று விளக்கம் வேறு. கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாமாம். உங்கள் பணத்தை வாங்கி மாதக்கணக்கில் வைத்திருந்து, வட்டி இல்லாமல் உங்களிடமே தருவார்கள். எங்கள் தெருவில் சீட்டு பிடித்த ஒருவர் இதையேதான் செய்தார். அவரைத் தேடி போலீஸ் வந்தது.

வழி மூன்று: போன்.

2024 பிப்ரவரியில் ஈஃபில் கோபுரத்தில் யுபிஐ வந்துவிட்டது. நாடே மார்தட்டியது. சாத்தாங்காட்டுக்காரனுக்குத் தெரிந்த ஒரே பாரிஸ், பாரிஸ் கார்னர். அங்கே பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் சில்லறை கேட்கிறார். சிங்கப்பூரின் பேநவ் சேவையோடு 2023 பிப்ரவரி 21 அன்று யுபிஐயை இணைத்தார்கள். தொடங்கியபோது ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரம்பு. இது உருப்படியான காரியம். தம்பி அங்கே உழைத்துச் சேர்த்ததை அம்மாவுக்கு ஒரு நிமிடத்தில் அனுப்பலாம். திட்ட மனம் வரவில்லை. ஒரே ஒரு வருத்தம். உழைப்பாளி கூட்டமாக இருக்கும் ஊர்களைவிட, போட்டோவுக்கு நன்றாக விழும் கோபுரத்துக்குத்தான் நம் நாட்டில் விளம்பரம் அதிகம்.

வழி நான்கு: குருவி.

இதை நான் பரிந்துரைக்கவில்லை. ஆனால் பர்மா பஜாருக்குப் பக்கத்தில் வாழ்ந்துகொண்டு குருவி தெரியாது என்றால் பொய். டிக்கெட்டும் கூலியும் வாங்கிக்கொண்டு இன்னொருவர் பணத்தையும் பொருளையும் சுமந்து போய் வருகிறவன் குருவி. பணம் போகாமலே பணம் போய்ச் சேருவது உண்டியல். இரண்டும் சட்டவிரோதம். வாரம் ஒரு குருவி மாட்டுகிறான். பேப்பரில் படம் வருகிறது. மேசை மேல் நோட்டுக் கட்டு, பின்னால் வரிசையாக அதிகாரிகள், நடுவில் முகம் மறைத்த ஒரு ஏழை. அவனை அனுப்பிய முதலாளியின் படத்தை நீங்கள் எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? நானும் பார்த்ததில்லை.

வழி ஐந்து: பதவி.

மிகவும் சௌகரியமான வழி. பணமே எடுத்துப் போகத் தேவையில்லை. 2022 மே முதல் 2024 டிசம்பர் வரை பிரதமரின் 38 வெளிநாட்டுப் பயணங்களுக்கு ஆன செலவு ஏறக்குறைய 258 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. பயணம் தேவைதான். ராஜதந்திரம் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் ஏ2 படிவத்தில் காரணக் குறியீடு தேடும் கவலையோ, ரூபாயா உள்ளூர்க் காசா என்ற குழப்பமோ அந்த உயரத்தில் இல்லை. அந்தக் கார்டைத் தேய்ப்பவர் ஒருவர். பில் வருவது நமக்கு.

வழி ஆறு: காகிதம்.

இதுதான் உச்சம். இதற்கு வரம்பு இல்லை. படிவம் இல்லை. சூட்கேஸ்கூட வேண்டாம்.

2018 பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கி ஒரு மோசடியை வெளியே சொன்னது. மும்பை கிளை ஒன்றிலிருந்து இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகளுக்கு உத்தரவாதக் கடிதங்கள் பறந்திருந்தன. வங்கியின் உள் கணக்கில் அவற்றின் தடமே இல்லை. தொகை 13,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அந்தச் செய்தி நமக்கு வருவதற்கு முன்பே, ஜனவரியில், அந்த மோசடியில் குற்றம் சாட்டப்பட்ட வைர வியாபாரி நீரவ் மோடி விமானம் ஏறிவிட்டார். 2019 டிசம்பரில் நீதிமன்றம் அவரைத் தப்பியோடிய பொருளாதாரக் குற்றவாளி என்று அறிவித்தது. அவர் விமானம் ஏறிய அன்று சட்டைப்பையைச் சோதித்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? 3,000 டாலருக்குக் கம்மியாகத்தான் இருந்திருக்கும் என்று நான் பந்தயம் கட்டத் தயார். அவர் சட்டத்தை மதிப்பவர்.

அது மும்பை. நம் வாசலுக்கு வருவோம்.

எண்ணூர் துறைமுகத்தில் நிலக்கரி இறங்குகிறது. வடசென்னை அனல்மின் நிலையத்தில் எரிகிறது. இந்தோனேசியாவிலிருந்து வரும் கரிக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு என்று 2016 மார்ச்சில் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் நாடு முழுவதும் சுங்கத் துறையை எச்சரித்தது. கரி கப்பலில் நேராக இந்தியா வருகிறது. பில் மட்டும் சிங்கப்பூர், ஹாங்காங், துபாய் என்று ஊர் சுற்றி வருகிறது. சுற்றச் சுற்ற விலை ஏறுகிறது. ஏறிய விலையை இங்கே கட்டுகிறோம். கரியின் உண்மை விலை போக மீதி வெளிநாட்டிலேயே தங்கிவிடுகிறது. வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகத்தின் சந்தேகம் இதுதான்.

2024 மே மாதம் லண்டனின் ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகை நம் ஊர் பெயரைப் போட்டு எழுதியது. 2014 ஜனவரியில் அதானி குழுமம் வாங்கிய ஒரு கப்பல் கரி, கிலோவுக்கு 3,500 கிலோகலோரி தரம் என்று ரசீதில் இருந்தது. அதே சரக்கு தமிழ்நாடு மின்வாரியத்துக்கு 6,000 கிலோகலோரி கரியாக விற்கப்பட்டது என்றது அந்தச் செய்தி. அதானி குழுமம் இதை மறுத்தது. ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் பல அமைப்புகள் தரத்தைச் சோதித்தன என்றது. மின்வாரியத்தின் நிலக்கரிக் கொள்முதலில் 6,000 கோடி ரூபாய் இழப்பு என்று 2018லேயே ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் கணக்குப் போட்டுப் புகார் கொடுத்திருந்தது. அதானி குழுமத்தின் நிலக்கரி இறக்குமதி பற்றிய வருவாய்ப் புலனாய்வு இயக்குநரக விசாரணைக்காக வெளிநாட்டிலிருந்து ஆவணங்கள் கேட்டு அனுப்பிய வேண்டுகோள் கடிதங்களை 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை போட்டது. கடிதம் போகலாமா கூடாதா என்பதற்கே இவ்வளவு ஆண்டுகள்.

யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி இல்லை. மின்கட்டணம் கட்டுகிறவன். எனக்கு ஒரே ஒரு கேள்வி. என் நண்பரின் சட்டைப்பையில் நாலாவது ஆயிரம் டாலர் இருந்தால் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுகிறீர்கள். ஒரு கப்பல் கரியின் தரத்தைக் கண்டுபிடிக்கப் பத்து ஆண்டும் போதவில்லையா? கரி சின்னப் பொருளா? ஒளித்து வைக்கக்கூடியதா? கப்பல் நிறைய வந்தது. எண்ணூர்க்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

நண்பருக்கு நான் கடைசியில் சொன்னது இவ்வளவுதான். பெரும்பகுதியை ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றுங்கள். கொஞ்சம் நோட்டாக வையுங்கள். விமான நிலையத்துக் கடையில் மாற்றாதீர்கள். ஊரிலேயே இரண்டு மூன்று கடையில் ரேட் விசாரித்து வாங்குங்கள். இயந்திரம் கேட்டால் உள்ளூர்க் காசை அழுத்துங்கள். எல்லா ரசீதையும் பத்திரமாக வையுங்கள். உங்களிடம்தான் கேட்பார்கள்.

போனார். பேத்தி பிறந்தாள். திரும்பி வந்தார். பிளாஸ்டிக் கவரில் ரசீதுகளை தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுவந்து காட்டினார். மிச்சம் நூற்றுப் பன்னிரண்டு சிங்கப்பூர் டாலர். கணக்கு ஒரு வெள்ளி பிசகவில்லை.

அந்தக் கப்பல் கரி எரிந்து பத்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. லாபம் யாருக்கு, எந்த நாட்டில் போய்ச் சேர்ந்தது என்று எந்த அரசும் நமக்கு இன்னும் ரசீது காட்டவில்லை. தரம் குறைந்த கரி என்றால் அதிகம் எரிக்க வேண்டும். எரித்தால் சாம்பல் மிஞ்சும். அனல்மின் நிலையத்துச் சாம்பல் எங்கே போய்ச் சேருகிறது என்பதற்கு மட்டும் விசாரணை தேவையில்லை. பக்கத்துச் செப்பாக்கம் கிராமத்தில் இருக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் இருக்கிறது. அதை எடுத்துப் போக இதுவரை யாரும் வழி கேட்கவில்லை.